சிறிய ஊரில் இருந்துகொண்டு எழுதிப் பிழைக்க முடியுமா? கதைகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

கேள்வியில் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தையே வேலையாகக் கொண்டவரின் ஒரு நாள் எப்படிப் போகும், எழுதத் தூண்டுவது எது, சென்னைக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே இருந்து இதை நம்பி வாழ முடியுமா. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பல வருடங்களாக எழுத்துதான் என் வருமானம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எழுத்து வருமானம் என்றால் கதை எழுதி வரும் பணம் இல்லை. நான் எழுதும் சிற்றிதழ்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. புத்தகத்துக்கு ராயல்டி வந்தால் மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்கலாம், அவ்வளவுதான். வீட்டை ஓட்டுவது வேறு எழுத்து. கோவில், சர்ச், பள்ளிக்கூடம் இவற்றின் நூற்றாண்டு மலர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாழ்க்கை வரலாறு, கல்யாண வாழ்த்துமடல், நினைவஞ்சலி, அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பது, அப்புறம் பழைய மலையாளப் பத்திரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது. இதையெல்லாம் கூலி எழுத்து என்று சொல்வேன். கூலி என்பதை மரியாதையோடுதான் சொல்கிறேன். என் கதைகளில் நல்லவை என்று நான் நினைப்பவை அத்தனையும் இந்த வேலைகளின் வழியாக வந்தவை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் இதுதான்.

நாள் எப்படிப் போகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். பக்கத்து விளையில், அதாவது தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டுகிற தம்பி அதற்கும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்திருப்பான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் வெட்டியாக வேண்டும். ஒரு கட்டன் சாயா போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏழு மணி வரை என் சொந்த எழுத்து. அப்புறம் சமையல், வீட்டு வேலை. பத்து மணிக்கு மேல் கூலி எழுத்து. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பஸ் ஏறி நாகர்கோவில் போவேன், அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்துவேன். சாயங்காலம் யாராவது ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வீட்டு வாசலில் நிற்பார். அங்கேதான் கதை ஆரம்பிக்கும்.

பத்திர வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1இல்தான் இந்த மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன் திருவிதாங்கூர் சமஸ்தானம். வீட்டில் பேசியது தமிழ், சர்க்கார் காகிதம் மலையாளம். அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய ஆதாரங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், நிறைய மலையாளத்திலேயே இருக்கும். இன்றைக்குப் பாகம் வைக்கவோ பேங்க் கடனுக்கோ பெட்டியைத் திறந்து எடுத்தால் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. சங்கு முத்திரை போட்ட தாள், மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் பூச்சி அரித்து என் கைக்கு வரும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு அது. டிசம்பர் வரைக்கும் உள்ள தேதி என்றால் 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825. கொல்லம் 1110 தை மாதம் என்றால் 1935. நான்கு எல்லையையும் எழுதியிருப்பார்கள். சில பத்திரங்களில் நிற்கிற மரங்களைக்கூட எண்ணி எழுதியிருக்கும்: தென்னை இத்தனை, பிலா இத்தனை, புளி ஒன்று.

ஒரு தடவை அண்ணன் தம்பி இரண்டு பேர் தங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எண்பதைத் தாண்டியவர். நான் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தெற்கே தோடு, அதாவது சிறு ஓடை, என்று வாசித்ததும் மூத்தவர் நிறுத்தினார்.

“தெக்க ரோடுல்லா கெடக்கு? தோடு எங்க இருக்கு?”

அதுவரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை. “ரோட்டுக்கு அடியில கெடக்கு. நான் கெட்டி வந்த புதுசுல அதுலதான் பாத்திரம் களுவுனது. அத மூடித்தான் ரோடு போட்டாவ. எதிர்வீட்டுக்குள்ள மழைக்கு வெள்ளம் ஏறுகது அதுனாலயாக்கும்” என்றார்.

மகன்கள் இரண்டு பேரும் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 2021 நவம்பரில் மாவட்டம் முழுக்க வெள்ளம் வந்தபோது எதிர்வீட்டிலிருந்து கட்டிலையும் அரிசி மூட்டையையும் தூக்கி வெளியே கொண்டுவந்ததே இவர்கள்தான். ஆனாலும் ஏன் அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் முதலில் ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்கள் போன பிறகு, மூடிய தோடு போகும் வழியை அந்த அம்மா கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டியதை அப்படியே குறித்து வைத்தேன். பிறகு அதிலிருந்து ஒரு கதை வந்தது. வீட்டின் ஒரு மூலையில் மட்டும் அறை கட்டவே விடமாட்டேன் என்று நிற்கும் ஒரு மாமியார், காரணம் கேட்காமலே சண்டை போடும் மருமகள். அந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கியிருக்க முடியாது. அது எனக்குக் கிடைத்தது, அதுவும் என் கையில் கூலியையும் தந்து கிடைத்தது.

மலர் வேலை இன்னும் வளமானது. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர். அங்கே கோவிலுக்கு (கடற்கரையில் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வார்கள்) ஆண்டு மலர் போட வேண்டும், ஊர்ப் பெரியவர்களிடம் பேசி எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஜூன், ஜூலையில் போனேன். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. கிழக்குக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் படகுகள் கடலுக்குக் கிளம்பும் சமயத்தில் மேற்குக் கணக்கில் வரும் குளச்சலில் எல்லாம் கட்டிக் கிடக்கும். தடைக்காலத்தில் வீட்டில் பணம் இருக்காது, ஆனால் பேச நேரம் இருக்கும். அந்த நேரத்தில் போய் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். கையில் ஏதாவது பலகாரம் இல்லாமல் நான் போவதில்லை.

அங்கே ஒரு பாட்டா (எங்கள் பக்கம் தாத்தாவை இப்படித்தான் சொல்வோம்). தூண்டில் தொழிலில் பேர் எடுத்தவர். நடுக்கடலில் அடியில் கிடக்கும் பாரை, அதாவது மீன் கூடும் பாறைத்திட்டை, மேலே ஒரு அடையாளமும் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் இரண்டு உப்புக்கல்லை வைத்துக் காட்டினார்.

“கரையில ரெண்டு பொருளப் பாக்கணும் மக்களே. கிட்ட நிக்குத கோவில் கோபுரம் ஒண்ணு, தூர நிக்குத மலை ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுக்குப் பொறத்த ஒண்ணு வந்து நின்னா அது ஒரு கோடு. அதே மாதிரி வேற பக்கம் ரெண்டு பொருளு, இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுத எடத்துலதான் பாரு.”

அந்த மலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் தெரியும் வேளிமலையின் ஒரு முடி. நான் தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிற மலை. கடலுக்குள் அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம்தான் முக்கியமானதைச் சொன்னார். பழைய கோவில் சிறிதாகப் போனதால் இடித்துவிட்டு, கொஞ்சம் கிழக்கே தள்ளிப் பெரிதாகக் கட்டினார்களாம். ஊரே கொண்டாடியது. மறுநாள் தொழிலுக்குப் போனவர்களுக்குப் பார் அகப்படவில்லை. “எறிஞ்ச தூண்டி எல்லாம் மணல்ல போய் விழுது. கோபுரம் மாறிப்போச்சுல்லா? பொறவு புது கோபுரத்த வச்சு ஒவ்வொரு பாரா தேடிப் புடிச்சோம்” என்றார். ஆண்டு மலருக்கு இதைவிட நல்ல பக்கம் வேறு இல்லை என்று நினைத்தேன். அவரும் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. எந்தப் பாருக்கு எந்த அடையாளம் என்பதை எழுதக் கூடாது. அவருடைய அப்பா அவருக்கு மட்டும் காட்டிக் கொடுத்த இடங்கள் அவை. இப்போது பிள்ளைகள் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு போகிறார்கள், ஆனாலும் அந்த இடங்கள் அந்தக் குடும்பத்துச் சொத்துதான். நான் எழுதவில்லை. இங்கேயும் எந்த ஊர், எந்த முடி என்று சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

இது எனக்கு முக்கியமான விஷயம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஆட்கள் நம்மை நம்பிச் சொல்வதை எடுத்து எழுதுகிறோம். எது மலருக்கு, எது கதைக்கு, எது நம் காதோடு நிற்க வேண்டியது என்பதை அவர்களிடமே கேட்டுவிட வேண்டும். கதையாக எழுதினால் அச்சான பிறகு போய் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பாட்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதையில் வரும் கிழவன் வாடைக்காற்று நேரத்தில் கடலுக்குப் போவதாக எழுதியிருந்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், அதிலிருந்து அடுத்த கதைக்கு விஷயம் கிடைத்தது.

கதை சொல்லும் முறையைக் கற்றுக்கொண்டது கொடை, அதாவது ஊர்ச் சாமி திருவிழா, நடக்கும் கோவில்களில். வில்லுப்பாட்டில் வலத்தே பாடும் புலவர் கதையை நடத்துவார். எதிர்ப்பக்கம் இருப்பவர் ஆமா போடுவார், இடையில் “ஏன் அப்படிச் செய்தாள்?” என்று கேட்டும் வைப்பார். கூட்டம் கேட்க நினைப்பதைச் சரியாக அந்த இடத்தில் கேட்பார். என் வரைவை வாசிக்கும்போது அந்த ஆளாக உட்கார்ந்து வாசிப்பேன். கேள்வி எழ வேண்டிய இடத்தில் எழவில்லை என்றால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுவேன்.

வெளியூர் நண்பர்கள் நிறையப் பேர், “உங்களுக்கென்ன, மலை இருக்கு, கடல் இருக்கு, எழுத்து தானா வரும்” என்பார்கள். முக்கடல் சந்திப்பில் சூரியன் உதிப்பதையும், 133 அடி வள்ளுவர் சிலையையும், மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் எனக்கும் பிடிக்கும். விருந்தாளி வந்தால் கூட்டிப் போகிறேன். ஆனால் காட்சி எனக்கு ஒரு கதைகூடத் தந்ததில்லை. வேளிமலை கதைக்குள் வந்தது, அதை வைத்து ஒருவர் மீன் பிடித்தார் என்பதால்.

இனி பணம். முடியும், ஆனால் சீராக வராது. ஆவணி, தை மாதங்களில் வாழ்த்துமடலும் அச்சக வேலையும் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கடற்கரைப் பக்கமும் இல்லை. மலர் வேலை திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் வரும், எல்லோருக்கும் அவசரமாக வேண்டும். பாதிப் பணத்தை முதலிலேயே வாங்கிவிடுவேன், இதில் கூச்சப்படவே கூடாது. ஊர்க்காரர்களும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தை மட்டும் அந்த ஊர் ஆள் ஒருவரை உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். நன்கொடை கொடுத்தவரின் இனிஷியல் மாறினால் மலர் முழுக்கக் கெட்டதாக ஆகிவிடும்.

நீங்கள் ஆரம்பிக்கிறவர் என்றால், உங்கள் ஊரில் அடுத்து வரும் மலர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். முன்னுரையும் வாழ்த்துரையும் யார் வேண்டுமானாலும் எழுதட்டும். பழைய கணக்கு நோட்டையும், எண்பது வயசுக்கு மேல் உள்ளவர்களோடு பேசும் பொறுப்பையும் உங்களிடம் தரச் சொல்லுங்கள். போகும்போது வீட்டில் மருமகளோ பேரனோ கூட உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். தனியாக இருக்கும்போது சொல்லாததை, வீட்டு ஆள் குறுக்கே ஒன்று தப்பாகச் சொன்னால் திருத்துவதற்காகவே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.