வைவாவுக்கு முந்தைய வாரம்: ரத்தம், எதிர்ப்பு சக்தி, தலை (கேள்வி பதில்)

எம்.பி.பி.எஸ். முதலாண்டுப் பிள்ளைகள் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு நேரத்தில் என்னிடம் கேட்டவை இவை. அனாடமி ட்யூட்டர் என்றாலும் ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை.

அக்கா, அம்மா O, குழந்தை A என்றால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அம்மா Rh நெகட்டிவ், குழந்தை Rh பாசிட்டிவ் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

A, B-க்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) பெரும்பாலும் ஐஜிஎம் வகை. ஐந்து துண்டு சேர்ந்த பெரிய உருவம், நஞ்சுக்கொடியைத் தாண்டாது. Rh பாசிட்டிவ் சிவப்பணுக்களில் இருப்பது D. அதற்கு எதிராக உருவாவது ஐஜிஜி என்ற சிறிய வகை, அது தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். O தாய்மாரிடம் கொஞ்சம் ஐஜிஜியும் இருக்கும் என்பதால் குழந்தைக்கு லேசாக மஞ்சள் காமாலை வரலாம். வைவாவில் இதையும் சேர்த்துச் சொன்னால் எக்ஸாமினர் முகம் மாறும். முதல் குழந்தை பொதுவாகத் தப்பிவிடும்; குழந்தையின் ரத்தம் தாய்க்குள் கலப்பது பெரும்பாலும் பிரசவத்தில்தான். அதனால்தான் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி. தாயின் உடல் ஏற்கெனவே D-க்கு எதிராக ஆன்டிபாடி செய்யத் தொடங்கியிருந்தால் ஊசியால் பயனில்லை.

பாம்பே குரூப்பும் O குரூப்பும் ஒன்றா?

இல்லவே இல்லை. A, B இரண்டும் சிவப்பணுவில் H என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவை. O ஆட்களிடம் அடித்தளம் மட்டும் இருக்கும். பாம்பே ஆட்களிடம் அதுவும் கிடையாது. செல்லை மட்டும் சோதித்தால் O என்றே காட்டும். ஆனால் அவர்கள் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) H-க்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதால் O செல்களையே கட்டியாக்கிவிடும். ஆக, O ரத்தம் ஏற்றினாலும் ஆபத்துதான். இன்னொரு பாம்பே ஆள்தான் கொடுக்க வேண்டும். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேவும் சகாக்களும் கண்டுபிடித்தது என்பதால் இந்தப் பெயர்.

செல்கள் தங்களிடம் உள்ள புரதத் துண்டுகளை எதிர்ப்பு சக்தியின் டி செல்களுக்குக் காட்டும் எம்ஹெச்சி ஒன்று, இரண்டு... எது எந்த டி செல்லோடு என்று குழம்புகிறது.

பெருக்கினால் எட்டு வர வேண்டும். எம்ஹெச்சி ஒன்று சிடி8 டி செல்லோடு, 1 × 8; எம்ஹெச்சி இரண்டு சிடி4 டி செல்லோடு, 2 × 4. முடிந்தது.

தலையில் அடிபட்டவருக்கு மறுநாள் கண் கறுத்துப் போகிறது. அடி கண்ணில் படவே இல்லையே?

ஸ்கால்ப், அதாவது மண்டையோட்டை மூடிய தலைத்தோலின் ஐந்து அடுக்குகளில் நாலாவது, தளர்வான திசு. ரத்தம் அங்கே தேங்கினால் தாராளமாகப் பரவும். பின்னால் ஆக்ஸிபிடாலிஸ் தசை எலும்பில் ஒட்டியிருப்பதால் வழி அடைப்பு. முன்னால் நெற்றித் தசையான ஃப்ரண்டாலிஸுக்கு எலும்புப் பிடிப்பே கிடையாது, அதனால் ரத்தம் கண்ணிமைக்கு இறங்கிவிடுகிறது. சீழும் இங்கே இப்படித்தான் பரவும். மண்டையோட்டைத் துளைத்துச் செல்லும் எமிசரி வெயின்கள் (சிரைகள்) வழியாக மண்டைக்குள்ளும் போகலாம். இதை ஆபத்தான அடுக்கு என்பது அதனால்தான். இரண்டாவது அடுக்கு வேறு மாதிரி: ரத்தக்குழாய்களின் சுவரை நார்த்திசு இறுக்கிப் பிடித்திருக்கும், வெட்டினாலும் அவை சுருங்காது. சின்னக் காயத்துக்கும் சட்டையெல்லாம் ரத்தமாவது இந்த அடுக்கால்தான்.

முகத் தசைகளை இயக்கும் ஃபேஷியல் நெர்வ், காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்தானே போகிறது, உமிழ்நீரும் அதனால்தானே?

வீட்டு வழியாகப் போகிறவர் எல்லாம் வீட்டுக்காரரா? உள்ளே நுழைந்து கிளை பிரிந்து வெளியே போய்விடும், சுரப்பிக்கு எதுவும் தராது. பரோடிட்டுக்குக் கட்டளை க்ளாசோஃபாரிஞ்சியல் என்ற வேறு நரம்பிலிருந்து, ஓட்டிக் கேங்கிலியன் என்ற நரம்பு முடிச்சு வழியாக. வாய் ஒருபக்கம் கோணி, அதே பக்கம் நெற்றியையும் சுருக்க முடியவில்லை என்றால் கோளாறு ஃபேஷியல் நரம்பிலேயே. நெற்றி மட்டும் சுருங்கினால் மூளையில் தேடுங்கள்; நெற்றிக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் இணைப்பு உண்டு.

வைவாவில் மண்டையோட்டைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வது அக்கா?

இரண்டு கையாலும் பிடியுங்கள். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துவாரத்தின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் வரட்டும், அப்புறம் பேசுங்கள். கண்குழிக்குள் விரலை விட்டு மட்டும் தூக்காதீர்கள். முதலாண்டில் நான் அப்படித் தூக்கி, கண்குழியின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய லாக்ரிமல் எலும்பை உடைத்து, பேராசிரியர் திரும்புவதற்குள் மண்டையோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவள்.