நெறியாளர் மீது புகார் கொடுத்தால் தங்கையின் பெயர்தானே கெடும்?

கேள்வி: என் தங்கை ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள்; இது மூன்றாம் ஆண்டு. அவளுடைய நெறியாளர் துறையிலும் வெளியிலும் செல்வாக்கு மிக்கவர். சில மாதங்களாக இரவு நேரங்களில் அவள் தோற்றத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். போன மாதம் அறையில் தனியாக இருந்தபோது தோளில் கை போட்டிருக்கிறார். "வைவா (இறுதி வாய்மொழித் தேர்வு) முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு, வெளியே தெரிந்தால் உன் பெயர்தான் கெடும்" என்கிறார் அம்மா. காலம் மாறிவிட்டது என்கிறார்களே, உண்மைதானா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 1988 ஜூலையில், சண்டிகரில் நடந்த ஒரு விருந்தில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் புகார் கொடுத்தார். அந்த முதல் தகவல் அறிக்கையை உயர் நீதிமன்றம் 1989இல் ரத்து செய்தது. அதே ஆண்டு கில்லுக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. இது பொருட்படுத்தத் தகாத அற்ப விஷயம் என்ற வாதத்தை 1995இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்து வழக்குக்கு உயிர் கொடுத்த பிறகுதான் 1996இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதை உச்ச நீதிமன்றம் இறுதியாக உறுதி செய்தபோது ஆண்டு 2005. ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியே பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று அந்தத் தலைமுறை எண்ணியதில் தவறில்லை.

இனி, மாறியதைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர், சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த தம் மேலதிகாரி மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். அவருடைய காரை வழியிலேயே மறித்தார்கள். ஆனாலும் புகார் நின்றது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த மேலதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வழிமறித்த காவல் கண்காணிப்பாளருக்கும் அபராதம் விதித்தது. 2024 பிப்ரவரியில் மாவட்ட அமர்வு நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அதே 2021 பிப்ரவரியில், தம் மீது பாலியல் புகார் கூறியதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கிலிருந்து பத்திரிகையாளர் பிரியா ரமணியை விடுவித்த டெல்லி நீதிமன்றம், பெண்ணின் வாழ்வுரிமையையும் கண்ணியத்தையும் பலிகொடுத்து ஓர் ஆணின் நற்பெயரைக் காக்க முடியாது என்ற கருத்தைத் தீர்ப்பில் பதிவு செய்தது. "உன் பெயர்தான் கெடும்" என்ற அச்சத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றம் மாறிய அளவுக்குத் துறை அறைகள் மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கல்லூரிப் புகார்க் குழுவின் வெளி உறுப்பினராக நான் அமர்ந்த விசாரணையில், உறுப்பினர் ஒருவர் அந்த மாணவியின் செய்திகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவர் அனுப்பிய செய்திக்குச் சிரிப்புப் படம் போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறாயே, ஏனம்மா?" என்று கேட்டார். மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய உதவித்தொகைச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த நெறியாளர் என்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகு, கேள்வி கேட்டவர் அந்தத் தாளை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். உங்கள் தங்கையும் மரியாதையாகவோ சிரித்தோ பதில் அனுப்பியிருக்கலாம். அது சம்மதம் ஆகாது. அந்தச் செய்திகளை அவள் அழிக்கவும் கூடாது. உரையாடல் முழுதாக, தேதியோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. கைபேசியை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

வைவா வரை காத்திருப்பதுதான் இருக்கும் வழிகளிலேயே ஆபத்தானது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசியாக நடந்த நிகழ்விலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். கொல்கத்தாவில் ஒரு துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர், 2023 ஏப்ரல் நிகழ்வுக்காக அதே ஆண்டு டிசம்பரில் தந்த புகார் காலம் கடந்தது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டாலும், புகார் விசாரிக்கப்படவே இல்லை.

புகார் போக வேண்டிய இடம் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு. விசாகா கமிட்டி என்று பலரும் சொல்வது இதைத்தான். துறைத் தலைவர், முதல்வர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இதில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. மாணவிகள் தொடர்பான விசாரணையில் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். எழுத்துப்பூர்வமான புகாரின் ஆறு படிகளைச் சாட்சிகளின் பெயர்களோடும் ஆதாரங்களோடும் தர வேண்டும். அடைமொழிகள் வேண்டாம், தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல், அருகில் இருந்தவர், அதன் பிறகு அவள் யாரிடம் சொன்னாள் என்பவை போதும். விசாரணையைத் தொண்ணூறு நாளுக்குள் முடிக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடுவதையும் சட்டம் தடை செய்கிறது.

பலரும் கேட்கத் தவறுகிற ஒன்று இருக்கிறது. விசாரணை நடக்கும் காலத்தில், எதிர்மனுதாரர், அதாவது புகாருக்கு உள்ளானவர், அவளுடைய கல்விப் பணியை மேற்பார்வையிடாதபடி தடுக்கக் குழு பரிந்துரைக்கலாம் என்று விதிகளே சொல்கின்றன. ஆனால் எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே மாற்று நெறியாளர் வேண்டும், உதவித்தொகைச் சான்றில் வேறொருவர் கையெழுத்திட வேண்டும் என்ற கோரிக்கைகளைப் புகாரின் கடைசிப் பத்தியிலேயே அவள் எழுதிவிட வேண்டும். அம்மா அஞ்சுவது பெரும்பாலும் ஆய்வு கெட்டுவிடும் என்பதற்காகத்தான்; அதற்கு இந்தப் பத்திதான் காப்பு.

"நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று அவள் மீதே திருப்பிவிடுவார்களே" என்று வீட்டில் கேட்பார்கள். நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தீய நோக்கம் இருந்தது என்பது தனியே விசாரித்து உறுதியாக வேண்டும். காவல் நிலையத்துக்குப் போகும் உரிமையும் அவளுக்கு இருக்கிறது. குழுவின் விசாரணை அதற்குத் தடையில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

அவளோடு உட்கார்ந்து, கடைசிச் செய்தியோ சம்பவமோ நடந்த தேதியை இன்றே நாட்காட்டியில் குறியுங்கள். மூன்று மாதம் எந்த நாளில் முடிகிறது என்று எண்ணி, அதற்கு ஒரு மாதம் முன்பாவது ஆறு படிகளும் குழுத் தலைவியின் கையில் சேரட்டும். வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் இட்ட ஏழாவது படி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.