கெமிஸ்ட்ரி இல்லாமல் இஞ்சினியராக முடியுமா?

அக்கா, நீங்கள் கேட்டது இது: களுவாஞ்சிகுடியில் இருக்கிறீர்கள். மகள் ஓ.எல். (சாதாரண தரம்) நன்றாகச் செய்திருக்கிறாள், இஞ்சினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் இரசாயனவியல் என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள். ஏ.எல்.இல் (உயர்தரத்தில்) அதற்குப் பதிலாக ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கலாமா, இல்லாவிட்டால் தொழில்நுட்பப் பிரிவில் சேர்த்துவிடலாமா?

ஐ.சி.டி. எடுக்க வேண்டாம். இலங்கையில் அரச பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் எதுவென்றாலும், மொறட்டுவையோ பேராதனையோ நம் ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ, கேட்பது இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும்தான். மூன்றிலும் சித்தியடைய வேண்டும். மூன்றாவது பாடமாக ஐ.சி.டி.யை வைத்துக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழைய முடியாது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், கணிதம், பௌதிகம், ஐ.சி.டி. என்று எடுக்கப் பாடசாலை விடுகிறது. வகுப்பையும் "மெத்ஸ் கிளாஸ்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் பிள்ளையும் வீட்டாரும் இஞ்சினியரிங்குக்குத்தான் படிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என்னோடு படித்த ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை விரித்து வைத்து விண்ணப்பம் நிரப்பும்போதுதான், பொறியியலுக்குத் தன்னால் விண்ணப்பிக்கவே முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அவன் கம்பியூட்டர் சயன்ஸ் பக்கம் போனான், இன்று மென்பொருள் வேலையில் என்னைவிட நன்றாகவே உழைக்கிறான். ஆனால் அவன் ஆசைப்பட்டது பாலம் கட்டும் படிப்புக்கு. மகளுக்குக் கணினிதான் விருப்பம் என்றால் ஐ.சி.டி. மோசமான தெரிவு இல்லை. அவள் "இஞ்சினியர்" என்று சொல்லும்போது மனதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தொழில்நுட்பப் பிரிவு 2013-இல் தொடங்கியது. அதில் பொறியியல் தொழில்நுட்பவியல் படித்துப் பல்கலைக்கழகம் போகலாம், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே கிடைப்பது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம், பொறியியல் பட்டம் அல்ல. இரண்டும் வேறு வேறு. கையால் செய்து பார்ப்பதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வழி. கெமிஸ்ட்ரிக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் இடமாக அதை எடுத்தால்தான் பிறகு கவலை வரும்.

இனி என் கதை. எனக்குக் காரைதீவு. முதல் தடவை கணிதத்தில் ஏ, பௌதிகத்தில் பி, கெமிஸ்ட்ரியில் எஸ், அதாவது வெறும் சித்தி. கணக்கு பிடிக்கும் என்பதற்காக நாள் முழுக்கக் கணக்கே செய்தேன். இணைந்த கணிதத்தில் மூன்று மணித்தியாலப் பேப்பர் இரண்டு. ஒவ்வொன்றிலும் பத்துச் சிறு வினாக்கள் கட்டாயம், பிறகு ஏழு பெரிய வினாக்களில் ஐந்து. அதற்குப் பயிற்சி வேண்டும்தான். ஆனால் அனுமதி இசட் புள்ளியில்தான் போகிறது. ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று தனித்தனியாகக் கணித்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். என்னுடைய எஸ், அந்த ஏயை அப்படியே இழுத்துக்கொண்டு கீழே போனது. அனுமதிக்குக் குறைந்தது வேண்டிய வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. அம்மா ஒரு கிழமை சரியாகப் பேசவில்லை.

இரண்டாம் தடவை தலைகீழாகச் செய்தேன். காலையில் எழுந்தவுடன் கெமிஸ்ட்ரி, பிறகுதான் மற்றவை. அப்போதுதான் ஒன்று விளங்கியது. கெமிஸ்ட்ரி மனப்பாடப் பாடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் பாதிதான் உண்மை. மூல் கணக்கு, சமநிலை, வெப்ப இரசாயனம், மின்னிரசாயனம் எல்லாம் கணக்குத்தான். கணக்கு வரும் பிள்ளைக்கு அங்கே புள்ளி எடுக்கலாம். கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது என்பதால் கைக்கணக்கு வேகமும் வேண்டும். சேதன இரசாயனத் தாக்கங்களை மட்டும் ஒரு பெரிய தாளில் அம்புக்குறி போட்டு எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன். சாப்பிடப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. அசேதனம் எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து சமாளித்தேன். சீ எடுத்தேன், அது போதுமாக இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரு வருடம் போகிறது.

மாவட்டக் கோட்டா பற்றியும் சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. இதைக் கேட்டுவிட்டு "நம்மட மாவட்டத்துக்குக் குறைவாத்தான் கேட்பாங்க" என்று ஆறுதல் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், மட்டக்களப்புக்கு ஒன்று, அம்பாறைக்கு வேறொன்று. உங்கள் மகள் போட்டி போடுவது முதலில் பக்கத்து மேசைப் பிள்ளைகளோடுதான்.

ரியூசன் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். நான் சனிக்கிழமை விடிய பஸ் பிடித்துக் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடியவன். இரண்டு பாடத்துக்குப் போனால் பயன் இருந்தது. மூன்றுக்கும் போனபோது வீட்டில் இருந்து படிக்க நேரமே இல்லை.

யாரும் எனக்குச் சொல்லாதது ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழில் எழுதிவிட்டு ஒலுவிலுக்குப் போனேன், பொறியியல் முழுக்க ஆங்கிலத்தில். முதல் செமஸ்டரில் விரிவுரையாளர் கேட்ட கேள்விக்கு விடை தெரியும், வாய்தான் திறக்கவில்லை. பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்பதற்காக அந்தப் பாடவேளையில் நாங்கள் கணக்குக் கொப்பியை விரித்துவைத்திருந்தோம். மகள் அப்படிச் செய்ய வேண்டாம். கெமிஸ்ட்ரி பாடத்தைத் தமிழில் படித்தபின், அதே தலைப்பை ஆங்கில வீடியோவில் ஒருமுறை பார்த்தாலே நிறைய மாற்றம் தெரியும்.

வகுப்புத் தொடங்க முன் ஒரு மாதம் கிடைத்தால், மூல் கணக்கும் அணுக் கட்டமைப்பும் மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அப்புறமும் அவள் வேண்டாம் என்றால் ஐ.சி.டி. பற்றிப் பேசலாம். அதற்கிடையில் ஒரு நாள் ஒலுவிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அக்கரைப்பற்று பஸ் ஏறினால் பல்கலைக்கழக வாசலிலேயே இறங்கலாம். வருவதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பொறியியல் பீடத்தில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரோடு பேச வைக்கிறேன். அக்காமார்தான், அவர்களில் ஒருத்திக்கும் ஏ.எல்.இல் கெமிஸ்ட்ரி பிடிக்காதாம்.