துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில் ஈக்வடோரியல் மவுண்ட்டைச் சீராக்குவது எப்படி?

சென்னையில் இருக்கிறீர்கள், வடக்கே எதிர் அடுக்குமாடி மறைக்கிறது என்கிறீர்கள். ஈக்வடோரியல் மவுண்ட் என்பது வானச் சுழற்சியோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி; அதன் முதன்மை அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். அது தெரியாவிட்டால் பரவாயில்லை.

முதலில் முக்காலியை மட்டமாக்கி, அச்சின் உயர அளவை 13-இல் வையுங்கள். இவ்வளவு தாழ்த்தும்போது சில மவுண்ட்களில் எதிர் எடைத் தண்டு (குழாயைச் சமன்செய்யும் எடை மாட்டும் கம்பி) முக்காலியின் காலில் இடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியை இரும்புப் பாகங்களுக்குப் பக்கத்தில் பிடித்தால் பொய் சொல்லும்; தள்ளி நின்று வடக்கைக் குறித்துக்கொண்டு, அச்சை அந்தப் பக்கம் திருப்புங்கள். அச்சுகளைப் பிடித்து வைக்கும் கிளட்ச்சைத் தளர்த்தி, குழாய் எந்தப் பக்கமும் சாயாதபடி எடையைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. உச்சக்கோட்டருகே (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) ஒட்டிய நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள். பிப்ரவரி நடுவில் இரவு எட்டு மணி வாக்கில் ஓரியன் இடுப்புப் பட்டையின் மிண்டகா கச்சிதம். குறுக்குக்கோடு போட்ட ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) நடுவில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். கிழக்கு மேற்காக நகர்ந்தால் கண்டுகொள்ள வேண்டாம். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே என்றால் மேற்கே. அச்சைக் கிழக்கு மேற்காகத் திருப்பும் பக்கவாட்டுத் திருகால் திருத்துங்கள்.

அடுத்து கிழக்கில் தாழ்வாக உள்ள நட்சத்திரம். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது.

ஐபீஸில் எது வடக்கு என்று குழம்பினால் குழாயை வடக்கே லேசாகத் தள்ளுங்கள். நட்சத்திரம் போகும் பக்கம் தெற்கு. நிலாவை வெறுமனே பார்க்க இவ்வளவு பாடு தேவையில்லை, நட்சத்திரங்களை நீண்ட நேரம் பதிவாகும்படி படம் எடுக்கத்தான்.