எலக்ட்ரிக் காரில் பேட்டரி கோளாறு என்று காட்டினால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

"பேட்டரி சிஸ்டம் ஃபால்ட்னு வருது, முழு பேட்டரியையும் மாத்தணும்னு சொல்றாங்க, அதுக்கு முன்னாடி எதைச் செக் பண்ணலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்டிமேட் லட்சத்தில் வந்திருக்கும், "அப்பவே பெட்ரோல் வண்டி எடுக்கச் சொன்னோம்" என்று வீட்டில் பேச்சும் வாங்கியிருப்பீர்கள். பாளையங்கோட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், இந்த நிலையில் வருகிறவர்களைப் பார்த்து வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பெரிய பேட்டரியை இல்லை, சின்ன 12 வோல்ட் பேட்டரியை.

போன ஐப்பசி மழையில் பேட்டையிலிருந்து ஓர் அண்ணாச்சி காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சுவிட்சை அழுத்தினால் வண்டி ஓடத் தயார் என்று காட்டுகிற ரெடி விளக்கு வரவில்லை, டிஸ்பிளே முழுக்க ஹை வோல்டேஜ், பிரேக், ஸ்டீயரிங் என்று ஒன்று விடாமல் எச்சரிக்கை. வேறொரு இடத்தில் பேட்டரி போச்சு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். "வித்துரலாமா வே?" என்று கேட்டார், குரலே சரியில்லை. சம்பந்தமில்லாத நாலு சிஸ்டம் ஒரே நேரத்தில் கெட்டதாகச் சொன்னால், நாலுக்கும் கரண்ட் கொடுக்கிற இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். மல்டிமீட்டரை வைத்தேன், சும்மா இருக்கும்போது 11.4, சுவிட்சை அழுத்தியதும் ஒன்பதுக்குக் கீழே போனது. நெகட்டிவ் கிளாம்ப் வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது, கழற்றினால் உள்பக்கம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, புது 12 வோல்ட் பேட்டரி போட்டு, ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடுகளை, அதாவது கோளாறு நம்பர்களை, எழுதி வைத்துக்கொண்டு அழித்தேன். டக் டக் என்று கான்டாக்டர் விழுந்த சத்தம் கேட்டது, ரெடி விளக்கு வந்துவிட்டது.

காரணம் இதுதான். பெரிய பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கிற கான்டாக்டர், தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் மாதிரி, காயிலுக்குக் கரண்ட் வந்தால்தான் ஒட்டும். அந்தக் காயிலுக்கும், செல்களைக் கவனிக்கிற பி.எம்.எஸ்.சுக்கும் கரண்ட் வருவது இந்தச் சின்ன பேட்டரியில் இருந்துதான். அது தொய்ந்தால் எல்லாமே பொய்க் கோடு போடும். நல்ல லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வரைக்கும் காட்டும், வண்டி ரெடியில் இருக்கும்போது பொதுவாகப் பதின்மூன்றரைக்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்கிற டி.சி. கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். சில புது வண்டிகளில் 12 வோல்ட்டும் லித்தியம், அதற்கு இந்தக் கணக்கு வேறு.

வண்டி ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால் வீட்டு எர்த்தைப் பாருங்கள். நம்ம பக்கம் சித்திரை வைகாசியில் எர்த் குழி காய்ந்து வெடித்துப் போகும், சார்ஜர் எர்த் இல்லை என்று நிறுத்திக்கொள்ளும், பழி பேட்டரி மேல் விழும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230க்குப் பக்கத்தில் வர வேண்டும். சும்மா மீட்டரில் வந்தால் போதாது, லோடு கொடுத்தும் நிற்க வேண்டும், அதனால் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்தே பாருங்கள். 16 ஆம்ப் பிளக் உருகிக் கருத்திருக்கிறதா என்பதையும்.

அப்புறம் கூலன்ட் அளவு, வேகத்தடையில் அடிபட்டு அடிப்பக்கம் நசுங்கியிருக்கிறதா, கனெக்டரில் ஈரம் இருக்கிறதா. இன்சுலேஷன் ஃபால்ட், அதாவது பெரிய பேட்டரி கரண்ட் வண்டி பாடிக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை, வந்தால் மழையில் நனைந்த பிறகு வந்ததா என்று யோசியுங்கள், ஆனால் காயட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஆன் செய்யவே கூடாது, சார்ஜும் போடக் கூடாது, வீட்டை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்துங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பெரிய பேட்டரிப் பக்கம் போக வேண்டும். ஸ்கேனரில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் வரும், லோடு கொடுக்கும்போது ஒரு செல் மட்டும் தனியாக இறங்கினால் அது உண்மையான கோளாறு. அப்போதும் பெரும்பாலும் சில செல்கள் சேர்ந்த ஒரு மாட்யூல்தான் போயிருக்கும்.

வீட்டிலேயே பேட்டரியைக் கழற்றச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆரஞ்சு வயரை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள், அதில் ஓடுவது ஆளைக் கொல்கிற வோல்டேஜ். சர்வீஸ் சென்டரில் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை, அங்கே அருமையான பையன்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பார்ட்ஸ் மாற்றினால் கேட்ட காசைக் கொடுக்கிற ஆட்கள், அரை நாள் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தால் "சும்மா பார்த்ததுக்கு எதுக்கு வே முந்நூறு ரூபா?" என்கிறார்கள். டி.வி. மெக்கானிக், பம்ப்செட் மெக்கானிக், எல்லோருக்கும் இதே கதைதான். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை என்றால் எவன் கண்டுபிடிப்பான், மாற்றத்தானே சொல்வான்?

சரி, உங்கள் விஷயம். கோடு நம்பர், செல் வாரியான வோல்டேஜ் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல கார்களுக்கு பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், உங்களுடையது அதற்குள் இருந்தால் வெளியே யாரையும், என்னையும்தான், பேட்டரி மேல் இருக்கிற கம்பெனி சீலைத் தொட விடாதீர்கள்.