திமிங்கிலத்தின் முதுகில் அடுப்பு

அன்புள்ள ஐயா,

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறேன். பழைய வரைபடங்கள் விற்கும் கடையில் பதினாறாம் நூற்றாண்டு வரைபடக்காரர் ஓர்ட்டேலியஸின் வட ஐரோப்பா வரைபடம் ஒன்று வாங்கினேன். வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? முதலீடாக நினைக்கலாமா? போன மாதம் உப்சாலாவில் 'கார்ட்டா மரினா' என்ற பழைய வடநாட்டு வரைபடத்தையும் பார்த்தேன். கடல் முழுக்க பூதங்கள். அக்கால மனிதர்களின் அறியாமையை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

ர.

அன்புள்ள ர.,

முதலீடு என்றால் தங்கம் வாங்குங்கள்.

அசலா என்றால், சட்டத்திலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கையால் செய்த தாளில் அதை வார்த்த சல்லடையின் கம்பி வரிகள் தெரியும். செப்புத்தகடு அழுந்திய தடம் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும். அட்லஸிலிருந்து பிரித்த பக்கம் என்பதால் நடுவில் மடிப்பும் பின்னால் அச்செழுத்தும் இருக்கும். அப்புறம் பச்சை. செம்புத் துருவில் செய்த பழைய பச்சை தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாக ஊறியிருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய தாள் முன்னால் கிளிப்பச்சை, பின்னால் வெள்ளைவெளேர். அச்சு பழையது, வண்ணம் யாரோ அண்மையில் தீட்டியது. இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

சரி, சிரிப்பு வந்தது என்றீர்களே, பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

'கார்ட்டா மரினா'வை வரைந்த ஓலாஸ் மாக்னஸ் சுவீடனின் கத்தோலிக்கப் பாதிரியார். சுவீடன் கத்தோலிக்கத்தை விட்டு லுத்தரின் சீர்திருத்தச் சபைப் பக்கம் போனபின் ஊர் திரும்ப முடியாமல் டான்சிக்கிலும் (இன்றைய போலந்தின் கிடான்ஸ்க்) இத்தாலியிலும் காலம் கழித்தவர். பன்னிரண்டு வருஷம் உழைத்து 1539-இல் வெனிஸில் 9 மரக்கட்டைகளில் செதுக்கி அச்சிட்டார். அதில் பனிச்சறுக்கில் வேட்டைக்குப் போகிறவர்களைப் பார்த்தீர்களா? உறைந்த கடல்மீது போகும் குதிரைகளை? இனி பார்க்கவே முடியாத ஊரை இண்டு இடுக்கு விடாமல் நிரப்பியிருக்கிறார் மனிதர். அந்தப் பெரிய வரைபடம் மூன்று நூற்றாண்டுகள் காணாமலே போயிருந்தது. 1886-இல் மியூனிக்கில் ஒரு பிரதி கிடைத்தது. நீங்கள் பார்த்தது 1960-களில் உப்சாலாவுக்கு வந்த இன்னொன்று.

பூதங்களுக்கு வருகிறேன். திமிங்கிலத்தைத் தீவென்று நம்பி நங்கூரம் பாய்ச்சி, அதன் முதுகில் அடுப்பு மூட்டும் இருவரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அது மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை. அதே மாலுமிகள் சொன்னதைக் கேட்டுத்தான் ஐஸ்லாந்துக்குக் கிழக்கே வரிசையாகச் சுழல்களையும் வரைந்திருக்க வேண்டும். அங்கே வெந்நீரோட்டமும் குளிர்நீரோட்டமும் முட்டிக்கொள்கின்றன. சுழல்கள் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கின்றன என்று கடலியலாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரே வாய் சொன்ன இரண்டில் ஒன்றுக்குச் சிரிப்பீர்கள், இன்னொன்றைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டீர்கள்.

உங்கள் சொந்தத் தாளையாவது பார்த்தீர்களா? ஐஸ்லாந்துக்குத் தெற்கே 'ஃபிரிஸ்லாந்து' என்று ஒரு பெரிய தீவு, ஊர்ப்பெயர்களோடு இருக்கும். அப்படியொரு தீவே கிடையாது. 1558-இல் வெனிஸில் வெளியான ஜெனோ வரைபடத்தை நம்பி, கவனத்துக்குப் பேர்போன ஓர்ட்டேலியஸே சேர்த்துவிட்டார். அந்தத் தீவில் பூதம் இல்லை, கரையோரம் சுத்தமாக இருக்கிறது, அதனால் நீங்களும் நம்பிவிட்டீர்கள் தம்பி.

பச்சையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள், உங்கள் ஊர்க் கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கும்.