கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள், ஷூவுக்குப் பொறுத்திருங்கள்

கேள்வி: என் மகன் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பாபநாசம் பக்கம் இரண்டு நாள் முகாம். போன் கொண்டுவரக் கூடாதாம். முழுச் சீருடை இல்லாவிட்டால் முகாமே கிடையாதாம். கறுப்பு ஷூ வாங்க இப்போது கையில் காசு இல்லை. சேவை கற்றுக்கொடுக்கிற இயக்கத்துக்கு இத்தனை கெடுபிடி எதற்கு? (ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

பதில்: ஷூ இல்லையென்று பிள்ளையை நிறுத்துவது தவறு, அம்மா. போன் வேண்டாம் என்பது சரி. ஆனால் அப்படிச் சொல்கிறவர்களுக்குச் செய்துமுடிக்க வேண்டிய வேலை நிறைய உண்டு. அதைச் செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

1907-இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் வசதியான வீட்டுப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் சேர்ந்தே தங்கினார்கள். சட்டையைப் பார்த்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் சொல்லக் கூடாது. சீருடையின் வேலை அதுதான். நம் பக்கத்தில் அந்த வேலை இன்னும் பெரிது. மணிக்கட்டில் கிடக்கிற கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்ட சீமை இது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதிவெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்த வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. ஆகவே சாரண ஆசிரியர் கண்டிப்புக் காட்ட வேண்டிய முதல் இடம் பிள்ளையின் மணிக்கட்டு. காலைப் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். கழுத்தில் கட்டும் முக்கோண ஸ்கார்ஃபின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஊதா, பச்சை, மஞ்சள் மூன்றையும் படைகள் எடுக்கக் கூடாது என்று பாரத சாரண சாரணியர் விதியே சொல்கிறது. மிச்சமுள்ள நிறங்களில் உங்கள் ஊரில் எது எந்தச் சாதிக் கொடியில் இருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசி, அதை ஒதுக்கிவிட வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியைப் பிரிக்கும்போது ஒரே தெருப் பிள்ளைகளை ஒரே அணியில் போடவும் கூடாது.

ஸ்கார்ஃபில் மட்டும் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் அது கருவி. முக்கோணத்தின் இரண்டு பக்கமும் 70 முதல் 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் தைத்து விற்கிற சின்ன நைலான் துண்டு வரிசையில் நிற்க அழகாக இருக்கும். கை ஒடிந்தவனுக்குக் கையைத் தாங்கும் தூளி கட்டினால் முடிச்சு வழுக்கிவிடும், நீளமும் எட்டாது. பருத்தித் துணியாக எடுங்கள். 85 சென்டிமீட்டர் சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் ஓரம் மடித்துத் தைத்தபிறகு இரண்டு ஸ்கார்ஃப் கிடைக்கும். 32 பேருக்கு 16 சதுரம். 90 சென்டிமீட்டர் அகலத் துணியில் 14 மீட்டர் போதும். வெட்டுவதற்கு முந்தின இரவே துணியை ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

தூளி கட்டும் முறையைப் பையனிடம் வீட்டிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். துணி கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே போக வேண்டும். முக்கோணத்தின் கூர் முனை அடிபட்ட கையின் முழங்கைப் பக்கம். மேல் நுனி நல்ல தோளைச் சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் வந்து, கீழ் நுனியோடு அடிபட்ட பக்கத்துக் காறையெலும்புக் குழியில் சேர வேண்டும். வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் போட்டால் ரீஃப் முடிச்சு. மணிக்கட்டு முழங்கையை விடச் சற்று உயரத்தில் நிற்கட்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை நீலம் பாரித்தால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். பெரியவர்களுக்கு ஒரு ஸ்கார்ஃப் போதாது, இரண்டை முடிந்துகொள்ள வேண்டும்.

மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் ஒரே மாதத்தில் சட்டை, கால்சட்டை, தொப்பி, பெல்ட், ஷூ எல்லாம் வாங்கு என்றால் பிள்ளை படையைவிட்டே நின்றுவிடுவான். வளர்ந்த பையன்களுக்குச் சிறுத்துப்போன சீருடையைத் துவைத்து, அளவு எழுதிப் படையின் அலமாரியில் வைத்தால் பாதிச் செலவு தீர்ந்தது. பாபநாசத்து ஈரப் பாறையில் பாலிஷ் போட்ட தோல் ஷூ வழுக்கும். அங்கே ரப்பர் அடி வைத்த கேன்வாஸ்தான் உதவும். கொடியேற்றத்துக்குச் சீருடை, மலையேற்றத்துக்கும் சமையலுக்கும் பழைய உடை என்று பிரித்துச் சொல்வதே நல்ல விதி.

இனி போன். திசைகாட்டியை மேசையில் வைத்து, போனை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள்: ஒலிபெருக்கிக் காந்தம் இழுத்து முள் விலகும். சட்டைப்பையில் போனோடு திசை பார்க்கிறவன் வழிதவறுவான். மலையடிவாரத்தில் சிக்னல் தேடித்தேடியே பாட்டரியும் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு என்று நீங்கள் கொடுத்தனுப்புகிற போன் அந்த அவசரத்தில் செத்துக் கிடக்கும்.

பிள்ளைகளிடம் போன் இல்லையென்றால் பெரியவர்கள் இருவரிடம் இரண்டு வேறு நிறுவன சிம் இருக்க வேண்டும், பவர் பேங்கும் வேண்டும். முகாமுக்கு முன்பே ஒருவர் போய், எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை நிமிடம் என்று பார்த்து வர வேண்டும். மாலையில் ஒரு நேரம் குறித்து வீட்டுக்குப் பேசவிட வேண்டும். சர்க்கரை நோய்க்குத் தோலில் சென்சார் ஒட்டி, போனில் அளவு பார்க்கிற பிள்ளைக்குத் தடை பொருந்தாது. யாராவது மீறிக் கொண்டுவந்தால் அணைத்து, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பூட்ட வேண்டும். வெயிலில் தகரப்பெட்டியில் போட்டால் பாட்டரி உப்பிவிடும்.

தடை ஆசிரியர்களுக்கும் உண்டு. குளிக்கிற இடத்திலும் உடை மாற்றுகிற இடத்திலும் யார் கையிலும் கேமரா இருக்கக் கூடாது. படம் எடுக்க ஒரே ஒருவர்தான். பெற்றோர் எழுதிக்கொடுக்காமல் எந்தப் பிள்ளையின் படமும் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகக் கூடாது.

நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. தபால் அட்டை அளவுத் தாளில் மகன் பெயர், ரத்த வகை, சாப்பிடுகிற மருந்து, உங்கள் எண்ணோடு இன்னொருவர் எண், ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098 எல்லாவற்றையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டையின் இடது பைக்குள் வையுங்கள். முதல் இரண்டு எண்களையும் அவன் பார்க்காமல் சொல்லும்வரை பஸ் ஏற்றாதீர்கள்.